குதிகால் நனையாத இடம்

வாசகர் கேள்வி, டீச்சர் பதில்

மாயாஜாலக் கதை எழுதுகிறவர்கள் தங்கள் சந்தேகங்களை அனுப்பலாம் என்று போன இதழில் ஒரு வரி போட்டிருந்தேன். வந்த கடிதங்கள் முழுக்கச் சாத்தான், பிசாசு, அசுரன். ராஜகுமாரனைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. பாவம், அவன் பாட்டுக்குக் குதிரையில் உட்கார்ந்திருக்கிறான்.

என் நாவலில் வரும் சாத்தானுக்கு ஏழு தலை, கண்ணில் தீ, கையில் மண்டையோட்டுக் கோல். முதல் அத்தியாயத்திலேயே மூன்று ஊர்களை எரிக்கிறான். பயப்பட வேண்டிய நண்பர்கள் சிரிக்கிறார்கள். எங்கே தப்பு, டீச்சர்?
*கல்லூரி மாணவர், திருவண்ணாமலை*

தம்பி, உங்களுக்கு நண்பர்கள் சிரித்தார்கள். எனக்கு ஊரே சிரித்தது. நான் எழுதிய முதல் தொடரில் அரக்கனுக்கு ஆறு கை. ஒன்பதாவது வாரச் சண்டையில் வாள், வேல், கதை, பாசம், வில், அம்பு, சூலம் என்று ஏழு ஆயுதங்களைக் கொடுத்துவிட்டேன். "ஏழாவதை வாயில் கவ்வியிருந்தானா?" என்று ஒரு வாசகர் தபால் அட்டை போட்டார். அந்த அட்டையை இன்னும் வைத்திருக்கிறேன். கைகளை எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில் அவன் யார், அவனுக்கு என்ன வேண்டும் என்று நான் யோசிக்கவே இல்லை.

ஊரை எரிக்கச் சாத்தான் எதற்கு? தீப்பெட்டி போதும். வெள்ளம் வந்தாலும் ஊர் போகும், காலரா வந்தாலும் போகும். சாத்தானின் தொழில் வேறு. நம் கையாலேயே நம் வீட்டுக் கதவைத் திறக்க வைப்பது. அதனால் சாத்தானை எழுதுவதற்கு முன்னால் அவன் நுழையப்போகிற வாசலை எழுதிவிடுங்கள். அது சரியாக அமைந்துவிட்டால் அவன் தோற்றத்தைப் பற்றி நான்கு வரி போதும்.

நளன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். தமயந்தியின் சுயம்வரத்துக்குத் தாமதமாகக் கிளம்பிய கலி (கலியுகத்தின் உருவம்தான்), வழியில் திரும்பி வருகிற தேவர்களைப் பார்க்கிறான். இந்திரன், அக்கினி, வருணன், யமன் நால்வரும் மாலை கிடைக்காமல் வருகிறவர்கள்தான். ஆனாலும் நளனுக்கு நல்லது சொல்லிக்கொண்டு வருகிறார்கள். போட்டிக்கே போய்ச் சேராத கலிக்குத்தான் ஆத்திரம் தாங்கவில்லை. (இப்படி ஆட்களை நம் தெருவிலேயே பார்க்கலாம்.) சரி, கோபம் வந்துவிட்டது, உடனே நளன் நாட்டை எரித்தானா? இல்லை. காத்திருந்தான், பன்னிரண்டு வருஷம். நளனிடம் ஒரு குறையும் கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு மாலை, சந்தியாவந்தனத்துக்கு முன் நளன் காலைச் சரியாகக் கழுவவில்லை. அவ்வளவுதான், உள்ளே புகுந்துவிட்டான். புகழேந்தியின் நளவெண்பாவில் கால் கழுவும்போது தாளில் இருந்த மறுவைக் கண்டு மனம் மகிழ்ந்து கலி நுழைகிறான். ஊர்ப்பேச்சில் இது நனையாத குதிகால் ஆனது. திருநள்ளாற்றுக் கதையில் கலியின் இடத்தில் சனி வந்து நின்றார். "குதிகாலை நனைச்சுக் கழுவு, சனி பிடிச்சுக்கும்" என்று என் அம்மா கிணற்றடியில் கத்தாத நாள் இல்லை. எனக்குப் பயம் காட்டியது சனியில்லை. அந்த நனையாத இடம்தான். கழுவிவிட்டு வந்த பிறகும், முழுக்க நனைந்ததா என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பேன்.

உங்கள் நாவலில் அந்தக் குதிகால் எங்கே இருக்கிறது? அதைக் கண்டுபிடியுங்கள்.

மற்ற ஊர்க் கதைகளிலும் இதே சமாசாரம்தான். விவிலியத்தில் யோபு கதையைப் படியுங்கள். அங்கே சாத்தான் என்பது எபிரேய மொழியில் ஒரு பதவிப் பெயர் மாதிரி, குற்றம் சாட்டுகிறவன் என்று அர்த்தம். தேவசபையில் மற்றவர்களோடு வந்து நிற்கிறான், யோபுவைத் தொட அனுமதி வாங்கிக்கொண்டு போகிறான். உயிரை மட்டும் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் உடம்பைத் தொட உத்தரவு கிடைக்கிறது. அந்த நிபந்தனையை அவன் மீறவும் இல்லை. ஜெர்மன் கவிஞர் கதேயின் பாஸ்ட் நாடகத்தில் (முதல் பாகம் 1808) மெபிஸ்டோபிலிஸ் என்ற சாத்தான் ஒரு கறுப்பு நாயாக அறிஞர் பாஸ்டின் வீட்டுக்குள் வருகிறான். நிலைப்படியில் வரைந்த ஐங்கோணச் சக்கரத்தில் ஒரு முனை சரியாகச் சேரவில்லை, அந்த இடைவெளியில் நுழைந்துவிட்டான். வெளியே போக முடியவில்லை. வந்த வழியாகத்தான் போக வேண்டும் என்பது பேய்களின் சட்டமாம். "ஓ, நரகத்திலும் சட்டம் உண்டா, அப்படியானால் உங்களோடு ஒப்பந்தம் போடலாமே" என்கிற மாதிரி பாஸ்ட் யோசிப்பது அந்த இடத்தில்தான். கடைசியில் ஓர் எலியைக் கூப்பிட்டு அந்தக் கோட்டைக் கடிக்க வைத்துத்தான் அவன் வெளியேறுகிறான். ஏழு தலை எதற்கு தம்பி? ஒரு எலி போதும், படிக்கிறவன் நிமிர்ந்து உட்காருவான்.

நான் நேரில் பார்த்த சாத்தான் ஒருவர் உண்டு. எங்கள் ஊரில் சீட்டுப் பிடித்தார். செருப்பை வாசலில் ஜோடியாகக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். என் தம்பியின் கணக்கு மார்க்கைக் கேட்பார். காபியை ஆற்றிக் குடிப்பார். "அக்கா, அவசரமில்லை, யோசிச்சுச் சொல்லுங்க" என்பார். பதினோரு குடும்பங்களின் பணத்தோடு ஒரு மார்கழி மாதம் காணாமல் போனார். அம்மா கடைசிவரை அவரைத் திட்டியதில்லை. "நான்தானே உட்காருங்கன்னு சொன்னேன்" என்றுதான் சொல்லுவாள். குர்ஆனில் பதினான்காவது அத்தியாயத்தில் தீர்ப்பு முடிந்த பின் ஷைத்தான் பேசுகிற இடம் ஒன்று உண்டு. உங்கள் மேல் எனக்கு அதிகாரம் எதுவும் இருக்கவில்லை, கூப்பிட்டேன், வந்தீர்கள், என்னைக் குறை சொல்லாதீர்கள், உங்களையே சொல்லிக்கொள்ளுங்கள் என்கிறான். அந்த இடத்தைப் படித்தபோது எனக்கு அம்மாவின் குரல்தான் கேட்டது.

"சாத்தான்" என்ற பெயரையே வைக்கலாமா? சீத்தலைச் சாத்தனார் என்று புலவரே இருந்திருக்கிறாரே, அது வேறு இது வேறா?
*வாசகி, பரமக்குடி*

வேறு வேறு. சாத்தன் நம் பழைய பெயர், ஐயனாருக்கும் உண்டு. சாத்து என்றால் வணிகர் கூட்டம். சாத்தான் எபிரேயத்திலிருந்து விவிலியம் வழியாக வந்த ஆள். ஒரு கால் எழுத்துதான் வித்தியாசம், பாவம் புலவர் மாட்டிக்கொண்டார்.

கற்பனை உலகத்துக்குச் சாத்தான் என்று வைத்தால் கூடவே ஏதேன் தோட்டமும் பாம்பும் வந்து உட்கார்ந்துகொள்ளும். அது உங்களுக்கு வேண்டாமென்றால் தமிழில் பெயருக்குப் பஞ்சமில்லை. கூளி, குறளி, அலகை. அலகை எனக்குப் பிடித்த சொல். ஊரெல்லாம் உண்டு என்பதை இல்லை என்று சொல்கிறவன் அலகையாக வைக்கப்படுவான் என்கிறது 850ஆவது குறள். கத்தோலிக்கர்களின் திருவிவிலியத்தில் இயேசுவைப் பாலைநிலத்தில் சோதிப்பதும் அலகைதான். எல்லாரும் பார்ப்பதை இல்லை என்று அடித்துச் சொல்கிற ஒருவன் என்று வைத்துக்கொண்டு பாருங்கள், அந்தக் குறளிலிருந்தே ஒரு பாத்திரம் எழுந்து வருகிறது.

வில்லனுக்குச் சோகமான ஃப்ளாஷ்பேக் கட்டாயம் வேண்டும் என்கிறார்களே?
*வாசகர், ஈரோடு*

கட்டாயமில்லை. சின்ன வயதில் அவன் அம்மாவைக் கொன்றுவிட்டார்கள் என்று ஆரம்பித்தால் நான் பக்கத்தைப் புரட்டிவிடுவேன். பெரிய துக்கத்தைவிடச் சின்ன மனக்குறை நன்றாக வேலை செய்யும். கலிக்கு என்ன ஆயிற்று? கல்யாணத்துக்கு லேட். குர்ஆனில் வரும் ஷைத்தான், அதாவது இப்லீஸ் விஷயம் இன்னும் அழகு. ஆதமுக்குப் பணியச் சொன்னபோது, நான் நெருப்பு, அவன் களிமண், நான் ஏன் பணிய வேண்டும் என்று கேட்டான். ஆபீஸில் ஜூனியருக்குப் பிரமோஷன் கொடுத்தால் கேட்கிற அதே கேள்வி. சூஃபிகளில் ஹல்லாஜ் போன்ற சிலர், இறைவனைத் தவிர வேறு யாருக்கும் தலை குனிய மறுத்த காதலனாகவே அவனைப் பார்த்தார்கள். அவன் சொல்வதில் ஒரு துளி நியாயம் இருக்க வேண்டும். துளிதான். அண்டா நிறைய ஊற்றினால் அவன் கதாநாயகனாகிவிடுவான்.

என் கற்பனை உலகம் முழுக்க உப்பளம். மண்ணே கிடையாது, கண்ணுக்கு எட்டிய தூரம் பாத்திகள். மக்கள் உப்பு வாரிப் பிழைக்கிறார்கள். இதில் பிசாசு எப்படி இருக்கும் என்று பிடிபடவில்லை. நெருப்புப் பிசாசு, எரிமலைப் பிசாசு என்று எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை.
*வாசகர், தூத்துக்குடி*

இந்தக் கடிதத்தை நான்கு முறை படித்தேன். உங்கள் மேல் பொறாமையாக இருக்கிறது, உண்மையைச் சொல்கிறேன்.

நெருப்பு ஏன் ஒட்டவில்லை தெரியுமா? நரகம் சுடும் என்பது வெயிலை எதிரியாகப் பார்க்கிறவர்களுக்குப் பொருந்துகிற கதை. உப்பளத்தில் வெயில் எதிரி இல்லை, முதலாளி. வெயில் அடித்தால்தான் பாத்தியில் உப்பு விளையும், சோறு கிடைக்கும். ஆனால் அதே வெயில் வெள்ளை உப்பில் பட்டுத் தெறித்துக் கண்ணைப் பறிக்கும், காலைப் புண்ணாக்கும். உங்கள் ஊரில் நீங்கள் பார்த்ததுதானே? அப்படியானால் அந்த மக்கள் ராத்திரி படுக்கையில் எதற்காக ஏங்குவார்கள்? நிழலுக்காக. உங்கள் பிசாசு நிழல் கொண்டு வருகிறவன்.

கொஞ்சம் ஓட்டிப் பார்ப்போம். உச்சி வெயில். வரப்பில் ஒருவன் குடை பிடித்துக்கொண்டு வருகிறான். எல்லாருடைய நிழலும் காலடியில் சுருங்கிக் கிடக்கிற நேரத்தில் இவன் நிழல் மட்டும் ஒரு பாய் அகலத்துக்கு விரிந்திருக்கிறது. எதுவும் கேட்கவில்லை, மிரட்டவில்லை. கைக்குழந்தையோடு உப்பு வாருகிற ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறான். குழந்தை அழுகையை நிறுத்துகிறது. அவள் "கொஞ்ச நேரம் நில்லுங்க அண்ணே" என்கிறாள். முடிந்தது கதை. கதவு திறந்துவிட்டது. அவன் நின்ற இடத்தில் நிழல் தங்கிவிடுகிறது. மறுநாள் பக்கத்துப் பாத்திக்காரி கேட்கிறாள், அவளுக்கு மட்டும் ஏன் என்று. நிழல் என்பது மேகம்தான். மேகம் சேரச் சேர ஊரே குளிர்கிறது, எல்லாரும் அவனைக் கும்பிடுகிறார்கள். உப்புக்கு மழை என்ன செய்யும் என்று தூத்துக்குடிக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதில் அவன் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை பாருங்கள். நிழல் கொடுத்தான், அது உண்மையான நிழல். அந்தப் பெண் பேராசைக்காரி இல்லை, குழந்தைக்காகக் கேட்டாள். அதனால்தான் அவளைக் குற்றம் சொல்ல வாசகருக்கு வாய் வராது, பயம் வரும்.

அவனுக்கு ஒரு பழக்கம் கொடுங்கள், விலையில்லாத சின்னப் பழக்கம். கலிங்கத்துப்பரணியில் செயங்கொண்டார் போர்க்களத்துப் பேய்களுக்குக் கூழ் ஊற்றுகிறார் அல்லவா? அங்கே ஒரு சமணப் பேய் வருகிறது. செத்துப் பேயான பிறகும் அது உயிர்க்கொலை செய்யாது, ஒரு வேளைதான் உண்ணும். அதனால் அதற்கு மட்டும் கூழில் மயிர் இருக்கிறதா என்று பார்த்து, நிணத்தையே துணியாக்கி வடிகட்டி ஊற்றுங்கள் என்கிறார். பிணக்கூழைக் குடிக்கும் பேய்க்கு ஆசாரம்! அந்தப் பேயை என்னால் மறக்க முடிந்ததில்லை. உங்கள் குடைக்காரன் ஒருவேளை உப்பு சேர்க்காமல் சாப்பிடுகிறவனாக இருக்கலாம். யோசியுங்கள்.

எல்லாரும் நல்லவர்களாக இருக்கும் ஊரில் சாத்தான் எப்படி ஜெயிப்பான்? யாராவது ஒரு துரோகி வேண்டாமா?
*வாசகி, காஞ்சிபுரம்*

வேண்டாம். உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. திருவாலங்காட்டை அடுத்த பழையனூர் நீலி. பழி தீர்க்க அலையும் பேய் அவள். எதிரி ஒரு வணிகன், கையில் கத்தி வைத்திருக்கிறான், அது இருக்கும்வரை நெருங்க முடியாது. அவள் என்ன செய்தாள்? அவன் மனைவி உருவம் எடுத்து, ஒரு கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, வேளாளர் சபையில் போய் அழுதாள். குழந்தை அவனைப் பார்த்து அப்பா என்றது. எழுபது பேரும் நியாயஸ்தர்கள். கத்தியோடு இருக்கிற கணவனிடம் எனக்குப் பயமாயிருக்கிறது என்று அவள் சொன்னதும், கத்தியை வாங்கி வைத்துவிட்டு இருவரையும் ஒரு வீட்டில் தங்க வைத்தார்கள். உனக்கு ஏதாவது ஆனால் நாங்கள் எழுபது பேரும் உயிரை விடுகிறோம் என்று அவனுக்கு வாக்கும் கொடுத்தார்கள். காலையில் அவன் பிணம். எழுபது பேரும் தீயில் இறங்கினார்கள். சம்பந்தரின் ஆலங்காட்டுப் பதிகத்திலேயே இந்த வஞ்சகக் கதை தலைகாட்டுகிறது.

கணக்குப் பாருங்கள். நீலி தன் கையால் கொன்றது ஒருவனை. எழுபது பேரைக் கொன்றது அவர்களுடைய நேர்மை. வாக்குத் தவறுகிற ஊராக இருந்தால் பிழைத்திருப்பார்கள். நீலிக் கண்ணீர் என்று இன்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறோம், அந்தக் கண்ணீருக்குப் பின்னால் இவ்வளவு கனமான கதை.

சாத்தானைக் கடைசியில் எப்படிக் கொல்வது? என் நாயகனிடம் மந்திர வாள் இருக்கிறது.
*பள்ளி மாணவர், நாமக்கல்*

வாளை உறையில் போடச் சொல்லுங்கள். வந்த வழியிலேயே அவனை வெளியேற்றப் பாருங்கள்.

நளன் கதைக்கே திரும்பலாம். கலி நுழைந்து சூதாட வைத்து நாட்டைப் பறித்தான். நளனைக் கார்க்கோடகன் என்ற பாம்பு கடித்தது. நளனின் உருவம் மாறியது, ஆனால் அந்த விஷம் அவனை வருத்தவில்லை, உள்ளே இருந்த கலியைத்தான் எரித்துக்கொண்டே இருந்தது. பிறகு நளன் தேரோட்டியாகப் போகிறான். வழியில் அந்தத் தேரில் இருந்த அரசன் இருதுபன்னன் ஒரு தான்றி மரத்தின் இலையையும் காயையும் பார்த்த மாத்திரத்தில் எண்ணிச் சொல்கிறான். குதிரை வித்தையைக் கொடுத்து அவனிடமிருந்து சூதின் ரகசியத்தை நளன் கற்றுக்கொள்கிறான். கற்ற அந்தக் கணத்தில் கலி விஷத்தைக் கக்கிக்கொண்டு வெளியே வந்து அந்தத் தான்றி மரத்துக்குள் போய் ஒளிந்துகொள்கிறான். எதில் தோற்றானோ அதைப் படித்ததும் பேய் இறங்கிவிட்டது. இதில் இன்னொரு நுணுக்கம், அந்தக் காலத்தில் சூதாடியதே தான்றிக்கொட்டையை உருட்டித்தான். கலி தன் சொந்த வீட்டுக்கே போயிருக்கிறான்! நாட்டு மருந்துக் கடையில் திரிபலாவுக்கு வாங்குகிற மூன்று காய்களில் அதுவும் ஒன்று. என் மேஜையில் ஒன்று கிடக்கிறது, எழுதும்போது உருட்டிக்கொண்டிருப்பேன்.

புத்தரிடம் மாரன் திரும்பத் திரும்ப வருகிறான். பல கதைகளில் புத்தர் செய்வதெல்லாம், மாரா, உன்னை எனக்குத் தெரியும் என்று சொல்வதுதான். அவன் முகம் வாடி மறைந்துவிடுகிறான். செத்துப்போவதில்லை, மறுபடி வருவான். நம் சூரபத்மனும் சாகவில்லை, மாமரமாக நின்றவன் பிளவுபட்டு மயிலும் சேவலுமாக முருகனிடமே தங்கிவிட்டான். மந்திர வாளை வேண்டுமானால் நாயகன் கடையில் விற்கட்டும், அது ஒரு நல்ல அத்தியாயமாக வரும்.

சாத்தானின் முதல் என்ட்ரி எப்படி இருக்க வேண்டும்?
*வாசகர், செய்யாறு*

செய்யாற்றிலிருந்து கொண்டு என்னிடம் கேட்கிறீர்களே, கூத்துப் பார்த்ததில்லையா? என் அப்பா இரணியன் வேஷம் கட்டுவார். இரண்டு பேர் திரையைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். முதலில் சலங்கைச் சத்தம் மட்டும். அப்புறம் பாட்டு. திரைக்கு மேலே கிரீடத்தின் உச்சி மட்டும் ஆடும். முகத்தைக் காட்டமாட்டார், காட்டமாட்டார், நாங்கள் தூங்கிவிடுவோம்போல இருக்கும். சட்டென்று திரை விலகும்போது பாதிப் பிள்ளைகள் அம்மா மடியில். அந்தத் திரையைக் காகிதத்தில் பிடியுங்கள். அவன் வருவதற்கு முன் அவனைப் பற்றி ஊர் பேசட்டும்.

அப்புறம் கட்டியங்காரனை மறக்காதீர்கள். மூவுலகையும் ஆள்கிறவன் என்று இரணியன் முழங்கும்போது, "அப்போ எங்க ஊரு பஸ்ஸு நேரத்துக்கு வருமா சாமி?" என்று கேட்கிற ஆள். ஜனம் சிரிக்கும். அப்பா சிரிக்கமாட்டார், கோபப்படவும்மாட்டார், அவனையே பார்த்துக்கொண்டு நிற்பார். சிரிப்பு தானாக அடங்கும். எனக்கு நிஜமாகப் பயம் வந்தது அந்த அமைதியில்தான். விடிந்ததும் அரிதாரத்தை எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டே டீ கேட்பார், அது வேறு விஷயம்.

அப்படியானால் கொம்பே வைக்கக் கூடாதா, டீச்சர்?
*மீண்டும் அதே திருவண்ணாமலை மாணவர், இரண்டாவது கடிதம்*

தாராளமாக வையுங்கள். ஆனால் நம் ஊர் வீட்டு நிலைப்படி உயரம் குறைவு, கொம்பு இடிக்கும். உள்ளே வரும்போது அவன் குனிந்துதான் வர வேண்டியிருக்கும். அந்த வீட்டுக்காரம்மா அதைப் பார்த்துவிட்டு என்ன நினைத்துக்கொண்டாள் என்று எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் பார்ப்போம்.